ஒரே மழை, ஐந்து இலாகா

மழை வானத்திலிருந்து இறங்கும்போது ஒன்றாகத்தான் இறங்குகிறது. ஆனால் சென்னைப் பட்டணத்தில் அது மொட்டைமாடியில் விழுந்த க்ஷணமே வீட்டுக்காரருக்கோ குடிசை மாற்று வாரியம் என்று 2021 வரை அழைக்கப்பட்ட நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கோ பாத்தியப்பட்டு, குழாய் வழியே தெருவில் இறங்கியதும் மாநகராட்சியின் மழைநீர் வடிகாலுக்குச் சொந்தமாகி, கோயில் குளத்தில் சேர்ந்தால் அறநிலையத் துறையின் பராமரிப்புக்குள் புகுந்து, மண்ணில் ஊறிக் கிணற்று ஜலமாகிவிட்டால் மெட்ரோ வாட்டர் என்னும் குடிநீர் வாரியத்தின் நிலத்தடி நீர்ச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, எங்கும் தங்காமல் அடையாற்றையோ கூவத்தையோ எட்டிவிட்டால் நீர்வளத் துறையின் கணக்கில் ஏறிவிடுகிறது. இந்த எல்லைகளுக்கெல்லாம் நடுவே நின்றுகொண்டு, எல்லாம் ஒரே தண்ணீர்தான் என்று பொதுஜனங்களுக்கு எடுத்துச் சொல்வதையும், அதற்காக இந்த இலாகாக்களை ஒரே மேஜைக்கும், முடிந்தால் ஒரே கிணற்றடிக்கும் அழைத்து வருவதையும் ஜீவனோபாயமாகக் கொண்டு, என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதியைத் தேனாம்பேட்டையில் கழித்தவன் நான். அந்த அனுபவத்தில் தெளிந்த சிலவற்றை, இதே துறையில் இப்போது காலெடுத்து வைக்கும் இளைஞர்களுக்குப் பயன்படலாம் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மவுண்ட் ரோடு என்று பழைய தலைமுறையினர் இன்னும் அழைக்கிற அண்ணா சாலைக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரையில் ஒரு காலத்தில் நீண்டதோர் ஏரி கிடந்தது. பழைய வரைபடங்களில் அதை நெட்டேரியாகவே காணலாம். 1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் வந்த பிறகு, அந்த ஏரிப் படுகையில் ஒரு பெரும்பகுதியைத் தூர்த்துத்தான் மாம்பலத்தில் தியாகராய நகரை நிர்மாணித்தார்கள். மிஞ்சியிருந்த நுங்கம்பாக்கத்து ஏரியும் நாளடைவில் தூர்ந்து, அதன் படுகையில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழும்பிற்று. ஆக, தேனாம்பேட்டை என்பது மேற்கே மறைந்துபோன ஓர் ஏரியின் களிமண்ணுக்கும் கிழக்கே மயிலாப்பூர்க் கடற்கரையின் மணலுக்கும் இடைப்பட்ட நிலம். தியாகராய நகர்ப் பக்கம் குழி வெட்டினால் மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கிற கறுத்த களி வரும். மயிலாப்பூர்ப் பக்கம் போகப் போக அது கலப்பு மண்ணாகிப் பிறகு மணலாகிவிடும். ஒரே வார்டில் நூறு வீடுகளுக்கு ஒரே மாதிரிக் குழியை வரைந்து கொடுத்தால் பாதி வீடுகளில் தண்ணீர் நின்று கொசு வளர்க்கும் என்பதை எந்தப் பொறியியல் நூலையும் புரட்டாமலே இவ்வூர் மேஸ்திரிகள் சொல்லிவிடுவார்கள்.

காரியாலயங்களின் விஷயத்திலும் இந்தப் பேட்டைக்கு ஓர் அனுகூலம் உண்டு. எல்டாம்ஸ் சாலையில் சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம். சைதாப்பேட்டைப் பனகல் மாளிகையில் மாநிலச் சுற்றுச்சூழல் துறை. சிந்தாதிரிப்பேட்டையில் மெட்ரோ வாட்டரின் தலைமை அலுவலகம். கல்லூரிச் சாலையில் டி.பி.ஐ. என்று பழைய பெயரால் அழைக்கப்படும் பள்ளிக்கல்வித் துறை வளாகம், சென்ட்ரலுக்குப் பக்கத்தில் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை, ஜெமினியில் 29சி பஸ் ஏறினால் பெசன்ட் நகர் ராஜாஜி பவனில் மத்திய நிலத்தடி நீர் வாரியம். ஒரு கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு காலையில் புறப்பட்டவன் மாலைக்குள் இவற்றில் மூன்று நான்கு வாசல்களை மிதித்துவிடலாம். இவ்வளவு அருகருகே இருந்துங்கூட ஒன்றுக்கொன்று முகம் பாராமல் இருக்க முடியும் என்பதுதான் விசித்திரம்.

சுற்றுச்சூழல் கல்வி என்னும் இந்தத் தொழில் நம் ராஜ்யத்தில் வேரூன்றிய வரலாறு மிகப் பழையதன்று. மத்திய சுற்றுச்சூழல், வன அமைச்சகமும் சி.பி. இராமசுவாமி அய்யர் அறக்கட்டளையும் சேர்ந்து 1989இல் எல்டாம்ஸ் சாலை மையத்தை ஸ்தாபித்தன. அரசாங்கத்தின் பணமும் ஒரு தர்ம ஸ்தாபனத்தின் இடமும் சிரத்தையும் ஒன்று கூடினால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே முதல் உதாரணமாக என் கண்முன் இருந்தது. 1991ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் தேதி, வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைப் பற்றிய செய்திகளைச் சினிமாக் கொட்டகைகளில் சிலைடுகளாகக் காட்ட வேண்டும், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலி, ஒளி பரப்ப வேண்டும், கல்வி நிலையங்களில் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. 1995இல் தமிழ்நாட்டில் சுற்றுச்சூழலுக்கென்று தனித் துறை ஏற்பட்டது. 2001–02இல் மத்திய அமைச்சகம் தேசிய பசுமைப் படையைத் தொடங்கி, ஒவ்வொரு மாவட்டத்திலும் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, முப்பது முதல் ஐம்பது மாணவர்கள் சேர்ந்த சூழல் மன்றங்களை அமைக்கச் செய்தது. அந்நாளில் பணம் தில்லியிலிருந்து வரும். மாநிலத் துறை அதைப் பங்கிடும். பள்ளிக்கல்வித் துறை உபாத்தியாயரை நியமிக்கும். பயிற்சி கொடுப்பதும் பாடப் புத்தகம் தயாரிப்பதும் எல்டாம்ஸ் சாலை மையம் போன்ற ஸ்தாபனங்களின் பொறுப்பாக இருந்தது. காகிதத்தில் பார்த்தால் இதைவிட அழகான ஒத்துழைப்பு வேறு இருக்க முடியாது.

காகிதத்திலிருந்து அது பள்ளிக்கூடத்து வாசலுக்கு இறங்குவதற்குள் என்னென்ன நேர்கிறது என்பதுதான் என் போன்றவர்களின் பிழைப்பு. டி.பி.ஐ. வளாகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை புறப்பட்டால் அது அரசுப் பள்ளிகளுக்கும் உதவி பெறும் பள்ளிகளுக்கும் போய்ச் சேரும். ஆனால் தேனாம்பேட்டை, ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர்ப் பக்கங்களில் ஏழைப் பிள்ளைகள் படிக்கிற மாநகராட்சிப் பள்ளிகளோ ரிப்பன் மாளிகையின் கல்விப் பிரிவுக்கு உட்பட்டவை. அங்கிருந்து தனியாக ஓர் உத்தரவு வராத வரையில் எந்தத் தலைமையாசிரியையும் பிள்ளைகளைப் பள்ளி வாசலுக்கு வெளியே அனுப்பத் துணிய மாட்டார், துணியவும் கூடாது. ஆகவே ஒரு தெருக்கிணற்றைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால், கல்விப் பிரிவுக்கு ஒரு விண்ணப்பம், மண்டல அலுவலகத்துக்கு ஒன்று, மெட்ரோ வாட்டரின் பகுதி அலுவலகத்துக்கு ஒன்று, கிணறு கோயில் எல்லைக்குள் இருந்தால் நிர்வாக அதிகாரிக்கு ஒன்று என்று எழுதி, ஒவ்வொன்றின் அடியிலும் மற்றவற்றுக்கு 'நகல்' என்று குறித்து, பிறகு அந்த நகல்கள் உரிய கோப்பில் சேர்ந்தனவா என்று நேரில் போய்ப் பார்த்துவர வேண்டும். அந்த நகல் வரிதான் இத்தொழிலின் உயிர்நிலை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தன் பக்கத்து இலாகாவுக்கும் இந்தக் கடிதம் போயிருக்கிறது என்று கண்ட உத்தியோகஸ்தர், தமக்கு மட்டும் வந்த கடிதத்தைவிட அதைச் சற்று முன்னதாகப் படிக்கிறார்.

2001ஆம் ஆண்டு முதல் 2003 வரையிலான காலம் எங்கள் தொழிலின் உச்சக் கட்டம். ஏரிகள் வற்றிவிட்டன, குழாயில் காற்றுத்தான் வந்தது, தெருமுனையில் கறுப்புச் சின்டெக்ஸ் தொட்டியைச் சுற்றிப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டி நின்றன. அப்போது சாந்தா ஷீலா நாயர் போன்ற அதிகாரிகள் அரசாங்கத்தின் உள்ளே இருந்துகொண்டு மழைநீர் சேகரிப்பை வலியுறுத்தினார்கள். வெளியே, பெசன்ட் நகரில் வீடுவீடாகச் சென்று பேசிவந்த பௌதிக சாஸ்திரப் பேராசிரியர் சேகர் ராகவன் இருந்தார். அவரைச் சேர்ந்தவர்களின் ஆகாஷ் கங்கா அறக்கட்டளை, தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தின் துணையுடன், 2002 ஆகஸ்டில் மந்தைவெளிப் பக்கம் 'மழை இல்லம்' ஒன்றைத் திறந்தது; திறந்துவைத்தவர் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா. ஜனங்கள் உள்ளே வந்து, எந்தக் குழாய் எங்கே போகிறது, வடிகட்டும் தொட்டியில் எது மேலே எது கீழே என்று மாதிரிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம். பிரசங்கத்தைக் காட்டிலும் அது நூறு பங்கு பிரயோஜனமாக இருந்தது. மறு வருஷம், 2003 ஜூலையில், அரசாங்கம் அவசரச் சட்டம் பிறப்பித்து, ஆகஸ்ட் 31க்குள் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு இருக்க வேண்டும் என்று கெடு விதித்தது. பிறகு அந்தக் கெடு அக்டோபர் வரையில் நீண்டது.

கெடு விதித்த பின் ஊர் முழுவதும் குழி வெட்டும் சப்தந்தான். பி.வி.சி. குழாயும் கருங்கல் ஜல்லியும் கிராக்கியாயின. இரண்டடி ஆழத்துக்கு ஒரு பள்ளம் தோண்டி, மேலே நாலு சட்டி மணலைத் தூவி, அதிகாரி வந்தால் காட்டுவதற்கென்றே ஒரு குழாயை அதில் செருகி வைத்த வீடுகளும் இருந்தன. தம் வீட்டுத் திறந்த கிணற்றுக்கே மாடித் தண்ணீரை வடிகட்டித் திருப்பிவிட்டு, அந்த ஐப்பசியிலேயே பலனைக் கண்ட வீடுகளும் இருந்தன. சட்டம் இரு சாராருக்கும் ஒரே சான்றைத்தான் கொடுத்தது. அந்த வித்தியாசத்தை விளக்கிச் சொல்ல வேண்டிய வேலை எங்களுடையதாயிற்று.

விளக்குவதற்கு எனக்குப் பெரிதும் உதவியது ஒரு கணக்கு. சென்னைவாசிக்கு நிலம் என்றால் கிரவுண்டுதான். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, ஏறத்தாழ 223 சதுர மீட்டர். இவ்வூரில் வருஷத்துக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இரண்டையும் பெருக்கினால் ஒரு கிரவுண்டு மனையின்மேல் ஆண்டொன்றுக்கு மூன்று லட்சம் லிட்டருக்கும் அதிகமாகத் தண்ணீர் விழுகிறது. ஆவியாவதும் சிந்துவதும் போக இரண்டரை லட்சம் என்று வைத்துக்கொண்டாலும், 12,000 லிட்டர் பிடிக்கிற லாரியில் இருபது லாரித் தண்ணீர். இதைச் சொன்னவுடன், அதுவரையில் சுற்றுச்சூழல் என்ற பேச்சைக் கேட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த குடியிருப்போர் சங்கத்துப் பொருளாளர் நிமிர்ந்து உட்காருவார். லாரிக்கு எழுதிய காசோலைகளெல்லாம் அவர் மனக்கண்முன் வந்து நிற்கும். இந்தக் கணக்கை மெட்ரோ வாட்டர்ப் பொறியாளர் சொன்னால் ஒரு மதிப்பு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை கரும்பலகையில் போட்டுக் காட்டினால் வேறொரு மதிப்பு. இருவரையும் ஒரே மேடையில் நிறுத்தி, பிள்ளை போட்ட கணக்கைப் பொறியாளர் சரிபார்க்கும்படி செய்தால் அதன் பலனே தனி என்று கண்டுகொண்டேன்.

ஆனால் என் தொழிலின் சாரத்தை எனக்குப் போதித்தவர் பொறியாளருமல்ல, உபாத்தியாயருமல்ல. குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளத்தில், பூ கட்டி விற்றுப் பிழைத்துவந்த ஒரு மூதாட்டி. அந்தக் குடியிருப்பின் நடுமுற்றத்தில் பழைய உறைகிணறு ஒன்று பலகையால் மூடிக் கிடந்தது. அதைத் தூர்வாரி, நான்கு மாடிகளின் கூரைத் தண்ணீரையும் அதில் சேர்க்கலாம் என்று நாங்கள் ஒரு கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட அம்மூதாட்டி, கையிலிருந்த நாரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்பா தம்பி, போன மாசம் வந்தவரு கெணத்துல கொசு வருது, மூடுன்னு சொல்லிப் பலகை போட்டாரு. இப்ப நீங்க வந்து தொறங்கறீங்க. அவரும் கவர்மெண்டு, நீங்களும் கவர்மெண்டு. நாங்க யாரு பேச்சத்தான் கேக்கறது?"

நான் கவர்மெண்டு இல்லை என்று விளக்க முயல்வதில் அர்த்தமில்லை. அவர் கேட்ட கேள்வி அதுவன்று. "பெரியம்மா, ரெண்டு பேரையும் ஒரே நாள்ல கூட்டியாரேன், நீங்களே கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதில் இருவர் பக்கமும் நியாயம் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். சென்னையின் மலேரியாவுக்குக் காரணமான அனாபிலஸ் ஸ்டீபன்சை என்னும் கொசு, சாக்கடையில் வளர்வதன்று. தெளிந்த நீரை நாடுவது. மேல்நிலைத் தொட்டிகளும் வீட்டுக் கிணறுகளும் அதற்கு மிகவும் பிடித்த இடங்கள். ஆதலால் மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவினர் கிணறுகளை மூடச் சொல்வதும், கொசுவின் புழுவைத் தின்னும் கம்பூசியா மீன்களை அவற்றில் விடுவதும் பல்லாண்டுகளாக நடந்துவருகிற நல்ல காரியம். கிணற்றைத் திறந்து மழைநீரை விடு என்று நாங்கள் சொன்னதும் நல்ல காரியந்தான். இரண்டு நல்ல காரியங்கள் வெவ்வேறு தினங்களில், வெவ்வேறு அடையாள அட்டைகளுடன் ஒரே வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, அங்குள்ளவர்கள் இரண்டையும் நம்பாமற் போனதில் ஆச்சரியம் என்ன?

சொன்னபடி ஒரு காலை வேளையில் சுகாதார ஆய்வாளரும், மெட்ரோ வாட்டரின் பகுதிப் பொறியாளரும், வாரியத்தின் பராமரிப்புப் பிரிவைச் சேர்ந்த ஒருவரும், பக்கத்து மாநகராட்சிப் பள்ளியின் சூழல் மன்ற ஆசிரியையும் அந்தக் கிணற்றைச் சுற்றி நின்றார்கள். ஓர் அரைமணி நேரம் யார் எதற்குப் பொறுப்பு என்ற தர்க்கம் கிரமமாக நடந்தது. பிறகு, அங்கு குடியிருந்த வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர், இரும்புச் சட்டத்தில் நெருங்கிய கொசுவலையை இழுத்துக் கட்டி, அதன் ஒரு மூலையில் கீல் வைத்த சிறு கதவு போட்டுவிட்டால் கொசுவும் போகாது, வாளியும் அளவு நாடாவும் போகும் என்று சொன்னார். சுகாதார ஆய்வாளர் கதவுக்குப் பூட்டு வேண்டும் என்றார். பொறியாளர் சாவி பள்ளியில் இருக்கட்டும் என்றார். வாரியத்துக்காரர் சட்டத்துக்கு ஆகிற செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யோசித்து ஒரு தலைப்பையும் கண்டுபிடித்தார். மேல்மட்டத்துக் கூட்ட அறையில், தேநீரும் பிஸ்கோத்துமாகப் பல கூட்டங்களில் தீராத பிரச்னை, நின்றவாக்கில் தீர்ந்தது. நால்வரும் ஒருங்கே நிற்பதைப் பார்த்த குடியிருப்பு ஜனங்கள் அதன் பிறகு எங்களிடம் விளக்கம் கேட்கவே இல்லை. மாடியை எப்போது கழுவ வேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

அன்று முதல் நான் கடைப்பிடித்த சித்தாந்தம் ஒன்றே. பொதுஜனங்களுக்கு நாம் கற்பிக்கும் பாடம் நம் வாயிலிருந்து வருவதன்று. இலாகாக்கள் சேர்ந்து நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தே அவர்கள் கற்கிறார்கள். வடிகால்காரர் வெட்டிய பள்ளத்தைக் குழாய்க்காரர் மறுபடி வெட்டுவதைத் தினமும் காண்கிறவனுக்கு, இயற்கை வளங்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று சிலைடு போட்டுக் காட்டுவது பரிகாசமாகவே படும். ஆகையால் இந்தக் கல்வியின் முதல் மாணாக்கர்கள் உத்தியோகஸ்தர்களே. ஜனங்கள் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள்.

உத்தியோகஸ்தர்களைச் சேர்த்துவைப்பதற்கு அளவெடுப்பதைப் போன்ற உபாயம் வேறில்லை. கிணற்றின் நீர்மட்டத்தை அளக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஓர் எஃகு அளவு நாடா. அதன் நுனியில் சிறிய ஈயக் குண்டு. நாடாவின் கடைசி ஒரு மீட்டருக்குச் சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்கிக்கொள்ள வேண்டும். கிணற்றுச் சுவரின் விளிம்பில் பெயிண்டால் ஒரு குறி போட்டிருக்கும்; என்றைக்கும் அந்தக் குறியிலிருந்துதான் அளப்பது, இல்லாவிட்டால் ஒருவர் அளவு இன்னொருவருடையதோடு ஒட்டாது. குண்டு தண்ணீரைத் தொட்ட சப்தம் கேட்ட பிறகும் நாடாவை இன்னும் சிறிது இறக்கி, ஒரு முழு மீட்டர்க் கோடு குறிக்கு நேராக வரும்படி பிடித்து, அந்த எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும்; எட்டு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிறகு மளமளவென்று சுருட்டி மேலே இழுத்தால், சாக்பீஸ் நனைந்த இடம் நிறம் மாறிப் பளிச்சென்று தெரியும். நனைந்த நீளம் நாற்பது சென்டிமீட்டரானால், எட்டிலிருந்து அதைக் கழித்து ஏழு மீட்டர் அறுபது. அதிலிருந்து தரைக்கு மேலுள்ள சுவரின் உயரம் எழுபத்தைந்து சென்டிமீட்டரையும் கழித்தால், தரைமட்டத்திலிருந்து ஆறு மீட்டர் எண்பத்தைந்தில் தண்ணீர் கிடக்கிறது என்று அர்த்தம். ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் மூவர் சேர்ந்தால், ஒருத்தி நாடாவையும் ஒருத்தி குறியையும் ஒருத்தி நோட்டையும் பார்த்துக்கொண்டு, இந்த வேலையைப் பெரியவர்களைவிடச் சுத்தமாகச் செய்துவிடுவார்கள்.

அந்த எண்ணை மூன்று நோட்டுகளில் எழுதும்படி ஏற்பாடு செய்தோம்: பள்ளியில் ஒன்று, மெட்ரோ வாட்டர்ப் பகுதி அலுவலகத்தில் ஒன்று, குடியிருப்புச் சங்கத்தில் ஒன்று. மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அளவு வந்துசேராத மாதத்தில் பகுதிப் பொறியாளர் பள்ளிக்குப் போன் போட்டு, "டீச்சர், இந்த மாசம் கெணறு என்ன சொல்லுது?" என்று விசாரிக்கலானார். மாடித் தண்ணீரைத் திருப்பிவிட்ட பிறகு வந்த கார்த்திகையில் நீர்மட்டம் இரண்டு உறைக்கு மேல் ஏறியதை அந்தப் பெண்பிள்ளைகள் வரைபடத்தாளில் கோடிழுத்துக் காட்டியபோது, வெவ்வேறு இலாகாக்களைச் சேர்ந்த நால்வர் அந்த ஒரே தாளுக்கு நகல் கேட்டார்கள். ஒப்பந்தம் ஏதும் கையெழுத்தாகவில்லை. ஆனால் ஒத்துழைப்பு என்று நான் கண்டதில் அதுவே தலையாயது.

இவ்விதப் பல இலாகாக் கல்வி நம் தேசத்துக்குப் புதிதல்ல. 1952 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிய சமுதாய அபிவிருத்தித் திட்டத்தில், விவசாயம், கால்நடை, சுகாதாரம், கூட்டுறவு என்று பல இலாகாக்களின் செய்தியையும் கிராம சேவக் என்ற ஒரே மனிதரின் சைக்கிளில் ஏற்றி அனுப்பினார்கள். குடியானவனின் வாசலுக்குப் பல பேர் வருவதைவிட ஒருவர் பலமுறை வருவது நல்லது என்ற எண்ணந்தான் அதற்கு அடிப்படை. அமெரிக்காவில் 1914ஆம் ஆண்டின் ஸ்மித்–லீவர் சட்டம் மத்திய அரசு, மாநிலப் பல்கலைக்கழகம், உள்ளூர் நிர்வாகம் மூன்றும் செலவைப் பங்கிட்டுக்கொண்டு விவசாய விரிவாக்கக் கல்வி நடத்தும்படி ஏற்பாடு செய்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் அது நடந்துவருகிறது. அதன் ஆயுளுக்குக் காரணத்தை யோசித்துப் பார்த்தால், ஒவ்வொரு தரப்பும் எவ்வளவு பணம் தர வேண்டும் என்பதைச் சட்டமே பேசிவிட்டதுதான் என்று தோன்றுகிறது. நம்மவர்கள் நல்லெண்ணத்தை விஸ்தாரமாக எழுதிவிட்டு, ஒரு மூட்டை ஜல்லிக்குக் காசு யாருடையது என்ற இடத்தில் பேனாவை மூடிவிடுகிறார்கள்.

பட்டணத்துக் கல்விக்கு இன்னொரு சத்துருவும் உண்டு, அது இடமாற்றம். ஆர்வமுள்ள அதிகாரி ஒருவர் வந்து, இலாகாவைத் தட்டி எழுப்பி, எல்லோரையும் கூட்டிப் பேசி, காரியம் சூடுபிடிக்கும் சமயத்தில் வேறு ஜில்லாவுக்குப் போய்விடுவார். அவருக்குப் பின் வருகிறவருக்கு அது முன்னவரின் திட்டம். எனவே நான் மேலதிகாரியின் அறைக்குள் எவ்வளவு மரியாதையுடன் போவேனோ அவ்வளவே மரியாதையுடன், தெருவில் வால்வு திறந்து மூடுகிறவரையும், மண்டல அலுவலகத்துக் குமாஸ்தாவையும், பள்ளியின் காவல்காரரையும் நாடிப் போய்ப் பேசிவந்தேன். அவர்கள் இருந்த இடத்திலேயே இருப்பவர்கள். எந்தக் கிணறு எந்த வருஷம் மூடப்பட்டது, எந்த வடிகால் எங்கே உடைந்திருக்கிறது என்ற விவரம் கோப்பில் இல்லாவிட்டாலும் அவர்கள் நினைவில் இருக்கும்.

2004இல் வீராணம் ஏரித் தண்ணீர் சென்னைக்கு வந்தது. 2005இல் பெருமழை பெய்தது. நிறைந்த கிணறுகளைப் பார்த்து ஊர் சந்தோஷப்பட்டது. சந்தோஷத்தில் வடிகட்டும் குழிகளை மறந்தது. 2015 டிசம்பரில் வெள்ளம் வந்தபோது எல்லோரும் வடிகாலைப் பற்றிப் பேசினார்கள். 2019 கோடையில் ஏரிகள் மறுபடியும் வெடித்துக் கிடக்க, ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தபோது எல்லோரும் மறுபடியும் மழைநீர் சேகரிப்பைப் பற்றிப் பேசினார்கள். அந்த ஆடியில் பழைய குழிகளைத் திறந்து பார்க்கும் வேலைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். மூடியைக் கடப்பாறையால் நெம்பித் திறந்தால், மேலே ஒரு சாண் ஆழத்துக்குச் சருகும் மாடித் தூசியும் சேர்ந்து மெழுகிவிட்ட தரையைப் போல இறுகிக் கிடக்கும்; அதைச் சுரண்டியெடுத்து, மணலை அள்ளிக் கழுவி, ஜல்லியைக் குலுக்கிப் போட்டால் குழி பழையபடி நீரைக் குடிக்கத் தொடங்கிவிடும். அரைநாள் வேலை, இரண்டு ஆள் கூலி. புரட்டாசி பிறந்ததும் வருஷம் ஒருமுறை செய்தால் போதுமானது. அதைச் செய்ய வேண்டியவர் வீட்டுக்காரரா, வாடகைக்காரரா, சங்கமா, வாரியமா, மாநகராட்சியா என்பது பதினாறு வருஷமாக யாராலும் தீர்மானிக்கப்படாமல் இருந்தது. நாங்கள் விட்ட இடத்திலேயே கொசுவலைக் கதவோடு இருந்த அந்தக் குடியிருப்புக் கிணறு மட்டும் சுத்தமாக இருந்தது. காரணம், சாவி பள்ளியில் இருந்தது, பள்ளியில் வருஷந்தோறும் ஏழாம் வகுப்பு இருந்தது.

இப்போது வாய்ப்புகள் பெருகியிருக்கின்றன. ஜெமினி மேம்பாலத்தருகே லிட்டில் ஃப்ளவர் கான்வென்ட் வளாகத்தில், நெதர்லாந்தின் ஆதரவோடு நடந்த 'ஆயிரம் குளங்களின் நகரம்' என்ற முயற்சியில், மழைநீரையும் கழிவுநீரையும் செடிப் படுகைகளின் வழியே சுத்திகரித்து மண்ணுக்குள் விடும் மாதிரி அமைப்பைச் செய்து காட்டியிருக்கிறார்கள். கதீட்ரல் சாலையில் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் இருந்த இடத்தில் 2010இல் தோட்டக்கலைத் துறை எழுப்பிய செம்மொழிப் பூங்காவுக்குப் பள்ளிப் பிள்ளைகள் வந்து போகிறார்கள். ஒப்பந்தங்கள் ஆங்கிலத்தில், வழவழப்பான தாளில், நான்கைந்து ஸ்தாபனங்களின் முத்திரைகளோடு தயாராகின்றன. அவற்றை எடுத்துக்கொண்டு அபிப்பிராயம் கேட்க வரும் இளைஞர்களிடம் நான் மூன்று விஷயங்களைத்தான் பார்க்கச் சொல்கிறேன். கூட்டத்தை அறையில் போடுவதற்கு முன் ஒருமுறையாவது எல்லா இலாகாவினரும் அதே கிணற்றடியில், அதே தினத்தில் நின்றார்களா? எல்லோரும் சேர்ந்து அளக்கிற, எல்லோர் நோட்டிலும் ஒரே மாதிரி ஏறுகிற எண் ஒன்று அதில் இருக்கிறதா? திட்டத்தின் பணம் தீர்ந்த பிறகு வரும் முதல் புரட்டாசியில் குழியின் மூடியைத் திறக்கப் போகிறவர் யார், கூலி எந்தக் கணக்கிலிருந்து என்று எழுதியிருக்கிறதா? முதல் இரண்டுக்கும் பதில் கொண்டுவருகிறவர்கள் உண்டு. மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் 'சம்பந்தப்பட்ட துறைகள்' என்று எழுதியிருப்பார்கள். அந்த இரண்டு வார்த்தைகளை அடித்துவிட்டு, ஒரு பதவியின் பெயரையும் ஒரு தொகையையும் எழுதிவரும்படி அவர்களைத் திருப்பி அனுப்புகிறேன்.